இருபதுக்குக் கீழே

அருள்தாஸ் வாத்தியாரைப் பள்ளிக்கூட வாசலில் வைத்து வெட்டிப் போட்டார்களே, அதற்குக் காரணம் பதின்மூன்று என்கிற ஓர் எண். அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் ஆவுடைநாயகி. திருநெல்வேலித் தடயவியல் கூடத்தில் அவள்தான் அப்போது தடமானிக்குப் பொறுப்பு.

தடமானி அந்தச் சமயத்தில்தான் புதிதாக வந்திருந்தது. மனிதத் தோல் தன்மேல் பட்ட ஒவ்வொரு கையையும் சில நாளைக்கு மறக்காமல் வைத்திருக்கும் என்று கண்டுபிடித்து, அந்த ஞாபகத்தைப் படிப்பதற்கு ஓர் இயந்திரத்தையும் செய்துவிட்டார்கள். உடம்பை அதற்குள் தள்ளினால் போதும். எந்த இடத்தில், யாருடைய கை, எத்தனை புள்ளி வேகத்தில் விழுந்தது என்பதெல்லாம் திரையில் வந்துவிடும். எல்லாருடைய ரேகையும் ஏற்கனவே அரசாங்கத்திடம் இருந்ததால் கைக்குச் சொந்தக்காரரைத் தேடும் வேலைகூட இல்லை. இனிமேல் பொய்சாட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று எல்லாரும் மகிழ்ந்து போனார்கள். ஆவுடையும்தான்.

அருள்தாஸ் விளையாட்டு வாத்தியார். மைதானத்தில் மயங்கி விழுந்த ஒரு பெண்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஓடும்போதே முதுகில் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளைக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, வழியிலேயே போய்விட்டது. தடமானி அதன் முதுகில் ஒரு கையைக் கண்டது. கை: அருள்தாஸ். அடி: பதின்மூன்று. அவ்வளவுதான் காகிதத்தில் இருந்தது. பிள்ளையின் அப்பனும் மாமன்மாரும் அரிவாளோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். முதல் வெட்டைத் தடுக்க வாத்தியார் கையைத் தூக்க, மணிக்கட்டோடு அது தனியே போய் வேலியோரத்தில் விழுந்தது. மிச்ச வெட்டுகளைத் தடுக்க அவரிடம் எதுவும் இல்லை.

அந்தக் கையைப் பாலித்தீன் பையில் போட்டு ஆவுடையிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். அடையாளம் சரிபார்க்க வேண்டுமாம். விறைத்துப்போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அவள்தான் கண்ணாடித் தட்டில் அழுத்திப் பிடித்தாள். பிறகு போய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து, கூடத்து உதவியாளரைக் கூப்பிட்டு, தன் முதுகில் ஒரே மாதிரி தட்டச் சொல்லித் தானே இயந்திரத்துக்குள் படுத்தாள். அதே ஆள், அதே கை, அதே தட்டு. ஒருமுறை ஆறு என்றது. ஒருமுறை பதினேழு என்றது. பிறகு பதினொன்று. திரும்பவும் எட்டு. ஒரு தட்டை அளந்தால் ஏழு புள்ளிவரை அங்கேயும் இங்கேயும் ஆடுகிற கருவி அது. வாத்தியாருடைய பதின்மூன்று ஆறாகவும் இருந்திருக்கலாம், இருபதாகவும் இருந்திருக்கலாம். காகிதத்தில் அந்த ஆட்டத்துக்கு இடமே இல்லை.

சென்னையில் தடமானிக்கு விதி வகுக்கிற கமிட்டி முன்னால் போய் நின்றாள். எண்ணைப் போட்டால் பக்கத்திலேயே அதன் ஆட்டத்தையும் போடுங்கள் என்று மன்றாடினாள். கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தால் கோர்ட்டில் சிரிப்பார்கள் என்றார் அவர். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு கோடு கிழித்தார்கள். இருபது புள்ளிக்குக் கீழே எது வந்தாலும் அது அடி இல்லை. அப்படியானால் அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள் என்றாள் ஆவுடை. படிவத்தில் அந்த இடம் எண்ணுக்கான இடமாம். ஆகவே பூஜ்யம் என்று முடிவாயிற்று.

தெரியவில்லை என்பதும் ஒன்றுமில்லை என்பதும் ஒன்றா? இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு வாத்தியாரின் கையைத் தட்டில் வைத்து அழுத்த வேண்டியிருக்காதே என்று நினைத்தாள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறினாள்.

மனுசனுக்கு ஒரு கோட்டைக் காட்டிவிட்டால் அதற்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்றுதானே முதலில் பார்ப்பான். ஒரு வருசத்துக்குள் கடைகளில் பொம்மைத் தடமானி விற்பனைக்கு வந்தது. ரப்பர் தோல் போர்த்திய தலையணை. அடித்தால் எண் காட்டும். பெண்டாட்டியை அடிக்கிறவன் வாங்கி வைத்துப் பழகினான். காவல் நிலையங்களில் பழகினார்கள். பன்னிரண்டில் நிறுத்தத் தெரிந்தவனுக்குக் கைப்பக்குவம் உள்ளவன் என்று பேர். பன்னிரண்டை ஒரே இடத்தில் இருநூறு தடவை வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெண்டாட்டிகளிடம்தான் கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

ஆவுடையின் சொந்த ஊர் ஆலங்கிணறு. பஸ் பிடித்தால் திருநெல்வேலிக்கு முக்கால் மணி நேரம். வடக்குச் சாவடித் தெருவில் அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் அவளும் தம்பி ஐயம்பெருமாளும் இருந்தார்கள். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவன் தொழில். தெருவுக்குப் பெரிய மனிதர் ஆறுமுகநயினார், அரிசி ஆலைக்காரர். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அவர்தான் ஆவுடையிடம் கோட்டைப்பற்றி விவரமாகக் கேட்டார். நம் தெருப் பிள்ளை கிழித்த கோடு என்கிற பெருமையில் கேட்பதாக நினைத்து, அவளும் ரசஞ்சாதம் முடிகிறவரைக்கும் விளக்கினாள். ஒரே ஓர் அடி இருபதைத் தாண்டினாலும் அது தாக்குதல் வழக்கு ஆகிவிடும், அன்றைக்கு அந்த உடம்பில் பட்ட எல்லாக் கைக்காரனும் கூட்டாளியாகக் கூண்டில் ஏறவேண்டும் என்றாள். ஒன்றும் தாண்டவில்லையென்றால்? வழக்கே இல்லை அண்ணாச்சி என்றாள்.

அந்தக் கோடையில் ஆலங்கிணற்றில் தண்ணீர் இல்லை. தெருக்குழாயில் வருகிற கொஞ்சத்தையும் வடக்குச் சாவடித் தெரு மோட்டார் வைத்து உறிஞ்சியது. மேட்டிலிருந்த காலனிக்குச் சொட்டுகூட ஏறவில்லை. ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர் சிவனு. சிவனணைந்தபெருமாள் என்பது முழுப்பேர். அவர் வந்து மோட்டார்களைக் கழற்றச் சொன்னார். கழற்றவில்லை என்றதும் தெருவின் வால்வை மூடிவிட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து சிவனுவின் உடம்பு ஆவுடையின் இயந்திரத்துக்கு வந்தது.

கூட வந்தவர் இன்ஸ்பெக்டர் செவத்தியான். தொப்பையைத் தடவிக்கொண்டே எதையும் கேலியாகப் பேசுகிற மனிதர். அன்றைக்கு அவருக்கும் கேலி சரியாக வரவில்லை. உடம்பில் கீறல் இல்லை, எலும்பு முறிவு இல்லை. தோள்பட்டையிலிருந்து முழங்கால்வரை பழுத்த நாவல்பழ நிறம். ஒரு பட்டப்பகல் முழுக்கக் காணாமல் போயிருந்தவரைச் சாயங்காலம் யாரோ வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்களாம். வெயிலில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவில் சொன்னார்களாம். பேச்சு குழறியது. மறுநாள் மூத்திரம் கருங்காப்பி மாதிரி போய், அதற்கடுத்த நாள் நின்றேவிட்டது. தசையெல்லாம் நசுங்கிக் கரைந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருந்தார்கள்.

தடமானி ஓடி முடித்தது. திரையில் வரிசையாகப் பூஜ்யங்கள்.

"ஆக, இவரை யாரும் அடிக்கல. மனுசன் தானா நீலம் பாரிச்சுப் போயிட்டாரு," என்றார் செவத்தியான். "என் சர்வீஸ்ல இத்தன பேரு தொட்டும் ஒருத்தனும் தொடாத பொணத்த இப்பதான் மேடம் பாக்கேன்."

ஆவுடை பூஜ்யங்களைத் திறந்தாள். இயந்திரம் வெளியே காட்டாமல் உள்ளே வைத்திருக்கிற எண்கள் கீழே உருண்டு வந்தன. பதினொன்று. ஏழு. பதினான்கு. ஒன்பது. பன்னிரண்டு. நிற்கவில்லை. ஆயிரத்தை நெருங்கும்வரை ஓடியது. அறுபத்து மூன்று பேருடைய கைகள். ஒவ்வொரு பேராகப் படித்தாள். எல்லாம் சின்ன வயசிலிருந்து அவள் மாமா, சித்தி, மதினி என்று கூப்பிட்ட பேர்கள். ஐயம்பெருமாள் என்று வந்த இடத்தில் விரல் நின்றது.

செவத்தியானும் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆவுடை மேலே போனாள். எல்லாத் தட்டையும் ஒன்றாகக் கூட்டினாள். பதினோராயிரம்.

"ஒவ்வொண்ணும் தெரியாதுன்னு நீங்கதான மேடம் சட்டம் போட்டிய? தெரியாதத எல்லாம் கூட்டினா தெரிஞ்சதாயிருமா?"

"ஆகும் சார். ஒத்தத் தட்டுல இது கூடவும் காட்டும், கொறைச்சும் காட்டும். ஆயிரத்தச் சேத்துப் பாத்தா கூடினதும் கொறஞ்சதும் ஒண்ணையொண்ணு தின்னுரும். பதினோராயிரத்துல எரநூறு முன்னப் பின்ன இருக்கும். அவ்வளவுதான் சந்தேகம்."

"மெஷினே எப்பவும் கொஞ்சம் தூக்கிக் காட்டுற மெஷினா இருந்தா?"

நல்ல கேள்வி. அப்படிப்பட்ட பிழையை எத்தனை தடவை அளந்தாலும் ஒழிக்க முடியாது. கூட்டக் கூட்ட அதுவும் சேர்ந்துதான் வளரும். கையே படாத இடமாகப் பார்த்து, சிவனுவின் உள்ளங்காலில் திரும்பத் திரும்ப அளந்தாள் ஆவுடை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று ஆடி, மொத்தத்தில் நிஜப் பூஜ்யத்தில் வந்து நின்றது. இயந்திரம் தூக்கிக் காட்டவில்லை.

"எவன் கொன்னான்னு என்னால சொல்ல முடியாது. ஒவ்வொருத்தன் பேருக்கும் எதுக்க நான் தெரியாதுன்னுதான் எழுதுவேன். ஆனா கொன்னுட்டாங்கன்னு எழுதுவேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

செவத்தியான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இப்படி ஓர் அறிக்கையை யாரும் கொடுத்ததில்லையாம். நீதிபதி முன்னால் அவளே வந்து வாயால் விளக்கினால் ஒருவேளை எடுத்துக்கொள்ளலாம் என்றார். வாசல்வரைக்கும் போனவர் திரும்பி நின்று, தம்பி பேர் அதில் இருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டார். இருக்கத்தான் செய்கிறது என்றாள்.

வெளியே மர பெஞ்சில் சிவனுவின் மனைவி முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பேரைக் கேட்டாள். ஒரே ஒரு பேர் போதும், அந்தப் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். ஆவுடையிடம் அறுபத்து மூன்று பேர் இருந்தன. அதில் எந்த ஒன்றையும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஐயம்பெருமாள் முற்றத்தில் காயில் கட்டிக்கொண்டிருந்தான். அக்காள் முகத்தைப் பார்த்ததும் கம்பியைக் கீழே வைத்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு எத்தன காட்டுச்சு?" என்றான்.

"மொதத் தட்டுக்கு ஒம்பது."

"ஒம்பதுன்னா?"

"ரெண்டாவும் இருக்கலாம். பதினாறாவும் இருக்கலாம்."

"ரெண்டுதாங்க்கா இருக்கும். சத்தியமா ரெண்டுதான். பூ வச்சாப்ல வச்சேன்."

பிறகு அவனே எல்லாவற்றையும் கொட்டினான். ஆலையின் நெல்லுக் கிடங்கில் வைத்து நடந்திருக்கிறது. நனைந்த சாக்கைச் சிவனுவின் தலையில் கவிழ்த்துத் தூணோடு கட்டிவிட்டார்கள். நயினார் அதற்கு முன்னாலேயே எல்லாரையும் பொம்மைத் தடமானியில் பழகவிட்டு, பதினைந்தைத் தாண்டுகிற முரடர்களை வெளியே நிறுத்திவிட்டார். இயந்திரம் ஏழு ஆடும் என்று கணக்குப் போட்டு, இன்னும் கீழேயே எல்லாரும் நிற்கவேண்டும் என்றாராம். கோபம் வந்துவிட்டவனையும் உடனே வெளியே அனுப்பினார். கோபமில்லாதவர்கள் மட்டும் வரிசையில் நின்றார்கள். செத்த வீட்டில் வாய்க்கரிசி போடுகிறமாதிரி ஆளுக்கு ஒரு பிடி, அதற்கு மேல் வேண்டாம் என்றார் நயினார். ஒரு பிடி அரிசியால் யாருக்காவது மூச்சு அடைத்திருக்கிறதா என்றும் கேட்டாராம். வரிசை சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் மோர் கொடுத்தார்கள். பெண்கள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டினார்கள். முதல் இரண்டு சுற்றுக்குச் சிவனு சிரித்துக்கூட இருக்கிறார். ஏதோ கூத்து காட்டி மிரட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார். மூன்றாவது சுற்றில் போதும் என்றார். அதற்குப் பிறகு வார்த்தை வரவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் மூக்கால் ஒரு சத்தம் மட்டும் வந்தது. சாக்கு உள்ளே இழுத்து வெளியே ஊதிற்று. கால் இரண்டும் மடிந்து, கட்டிய கயிற்றில் தொங்கினார். நயினார் வந்து சாக்கோடு தாடையைத் தூக்கிப் பார்த்து, மூச்சு இருக்கு, அடுத்த ஆள் வாங்க என்றார்.

"நீ எத்தன சுத்து நின்ன?"

"கடேசிவரைக்கும்." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "எனக்கு முன்னால நின்னவனும் ஒண்ணும் செய்யல, பின்னால நின்னவனும் ஒண்ணும் செய்யல. நான் மட்டும் எதுக்கு வெளிய போவணும்னு தோணிச்சு. ஒருத்தனுக்கும் கொன்ன மாதிரியே இல்லக்கா. ராத்திரி எல்லாரும் நல்லாத் தூங்கினாவ."

அவன் தூங்கினானா என்று அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் எல்லாப் பேரையும் வாசிக்கப் போவதாக மட்டும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். வாசிக்காதே என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நயினார் ஒரு சீப்புப் பழத்தோடு வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அப்பாவைப்பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு சட்டத்தைப்பற்றிப் பேசினார். அவள் போட்ட சட்டத்தை அவளே போய் உடைப்பது அழகில்லை என்றார்.

"பூஜ்யத்த எத்தன தடவ கூட்டினாலும் பூஜ்யந்தான தாயி? ரெண்டாங் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுமே."

"அது பூஜ்யம் இல்ல அண்ணாச்சி. எனக்கு அளக்கத் தெரியலங்கிறதுதான் அங்க எழுதியிருக்கு."

"அளக்கத் தெரியாதவ எதுக்குத் தாயி சாட்சி சொல்லப் போற?" அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நாளைக்கு நாங்க எல்லாரும் வாசல்ல நிப்போம். தெருப் பிள்ள கோர்ட்டுக்குப் போறா, தட்டிக் கொடுத்து அனுப்பாண்டாமா?"

திங்கட்கிழமை காலையில் ஐயம்பெருமாளை வீட்டில் காணவில்லை. செவத்தியான் அனுப்பிய ஜீப் தெருமுனையில் நின்றது. சந்து குறுகல், உள்ளே வராது. வீட்டிலிருந்து அதுவரைக்கும் நடந்தாக வேண்டும். ஆவுடை கதவைப் பூட்டிவிட்டுப் பையோடு இறங்கினாள்.

நயினார்தான் முதல் ஆள். போய்ட்டு வா தாயி என்று முதுகில் ஒரு தட்டு. அடுத்து அவர் மருமகன். அடுத்து பால்காரச் சித்தி. எல்லார் முகத்திலும் கல்யாண வீட்டுச் சிரிப்பு. ஜீப்பிலிருந்த கான்ஸ்டபிள்கள் தூரத்திலிருந்து பார்த்து, தெருவே வந்து வழியனுப்புகிறது என்று நினைத்துப் பீடி பற்றவைத்தார்கள். பத்துப் பேர்வரைக்கும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரே இடத்தில் சூடு ஏறியது. முன்னால் தட்டியவர்கள் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்கள். தெருவின் நீளத்துக்கும் வரிசை முடியவே இல்லை. நடந்தவளை நடக்கவிடாமல் வட்டம் சுருங்கியது. ஒரு கை பையைப் பிடித்துக்கொண்டது. ஒரு கை புஜத்தில், ஒரு கை விலாவில், திரும்ப முதுகில். மெத்து மெத்தென்று. மல்லிகைப் பூவும் வேர்வையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தபோது விலாவில் நாலைந்து தட்டு சேர்ந்தாற்போல் விழுந்து மூச்சை வாங்கிக்கொண்டது. முழங்கால் மடிந்தது. விழவிடாமல் இரண்டு பேர் அன்பாகத் தாங்கிப் பிடித்தார்கள். விழுந்தால் காயமாகிவிடுமே.

உடம்புக்குள்ளே மெத்து மெத்தென்று கேட்கிற இதுதான் சிவனு கேட்ட சத்தம் என்று அவளுக்குப் பட்டது. அறிக்கையில் பதினோராயிரம் என்று எழுதியபோது இது இன்னதென்று தெரியாமல்தான் எழுதியிருக்கிறாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐயம்பெருமாள் எதிரே வந்தான். அவனும் கையைத் தூக்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற எல்லாருடைய கையும் சேர்ந்து செய்ததைவிட அது வலித்தது, இத்தனைக்கும் அந்தக் கை இன்னும் அவள்மேல் படவே இல்லை.

பிறகு பட்டது.

பழகியதை மறந்த கை. தோளிலிருந்து வீசிய வீச்சு. இடதுபக்கக் கன்னத்தில் வெடித்து, அவளைச் சுழற்றித் தூக்கி நயினார் வீட்டு மதிலில் கொண்டுபோய் அடித்தது. தாடையில் ஏதோ முறிகிற சத்தம் அவள் மண்டைக்குள்ளேயே கேட்டது. வாய் நிறைய ரத்தம். நாக்கில் இரண்டு பற்கள் தனியாகப் புரண்டன. பீடியைப் போட்டுவிட்டுக் கான்ஸ்டபிள்கள் ஓடிவந்தார்கள்.

தெரு முழுக்க ஒரே நேரத்தில் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"இப்பத் தொடுங்கலே," என்றான் ஐயம்பெருமாள். "ஒரு ஆளு தொடுங்க, பாப்போம்."

யாரும் தொடவில்லை. பின்னாலிருந்தவர்கள் சுவரோரமாக நழுவினார்கள். முன்னாலிருந்தவர்களுக்கு நழுவியும் பயனில்லை; அவர்களுடைய கை ஏற்கனவே அவள் தோலில் இருந்தது. நயினார் தம் உள்ளங்கையை வேட்டியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கெடுத்துட்டியேல கிறுக்குப்பயலே, எல்லாரையும் கெடுத்துட்டியே என்றார். ஐயம்பெருமாள் அக்காள் பக்கம் திரும்பவே இல்லை. கான்ஸ்டபிள்களிடம் இரண்டு கையையும் நீட்டினான்.

கட்டுப்போட்ட தாடையோடு அவளைத் தடமானிக்குள் படுக்கவைத்தார்கள். அவளுடைய இயந்திரம், அவளுடைய கூடம், அளந்தது வேறொருவர். முதுகிலும் விலாவிலும் வரிசையாகப் பூஜ்யங்கள். கன்னத்தில் ஐம்பத்தெட்டு. கை: ஐயம்பெருமாள். ஒரே ஓர் அடி கோட்டைத் தாண்டிவிட்டதால் பூஜ்யங்களுக்கெல்லாம் பேர் முளைத்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்களை வேனில் ஏற்றினார்கள். தனித்தனியாக உட்காரவைத்து, ஏன் தட்டினாய் என்று கேட்கக் கேட்க, மூன்றாவது ஆளிலேயே பேச்சு நெல்லுக் கிடங்குக்குப் போய்விட்டது. கோபம் வராத மனிதர்கள் அழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது போலிருக்கிறது.

நீதிபதி முன்னால் ஆவுடையால் பேச முடியவில்லை. எழுதிக் காட்டினாள். பதினோராயிரத்தை அவர் நிதானமாகப் படித்தார். இப்போது கிடங்கு வாக்குமூலங்களும் கூடவே இருந்ததால் ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு அவள் இன்னொரு காகிதத்தை நீட்டினாள். தன் கன்னத்தில் பட்டதை அடியாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "ஐம்பத்தெட்டும்மா. உங்க கணக்குப்படியே ஏழு கழிச்சாலும் ஐம்பத்தொண்ணு. இந்தக் கேஸ்லயே சந்தேகம் இல்லாத எண் இது ஒண்ணுதான். இதப்போய் இல்லைன்னா எப்படி?"

பேனாவைக் காகிதத்தில் வைத்துக்கொண்டே நின்றாள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

கொலைக்கு அறுபத்து மூன்று பேரும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஐயம்பெருமாளுக்கு மட்டும் அதோடு கூட, பெண்ணைத் தாக்கியதற்கென்று தனியாக ஏழு வருசம். தனி ஒருவனாகப் பேர் சொல்லித் தண்டிக்கப்பட்டவன் அவன் ஒருத்தன்தான்.

கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முப்பிடாதி காத்திருந்தாள். இப்போதாவது அவளுக்குக் கொடுக்க ஒரு பேர் இருந்தது. ஆவுடை காகிதத்தில் 'ஆறுமுகநயினார்' என்று எழுதி நீட்டினாள். முப்பிடாதிக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை வாங்கி மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவள் பார்வையெல்லாம் ஆவுடையின் கன்னத்தில் இருந்தது. கறுத்து வீங்கி, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக, தொடாமல், காற்றிலேயே தடவிப் பார்த்தாள்.

"உனக்கு ஒரு தம்பி இருந்தான் தாயி," என்றாள். "எம் புருசனுக்கு இப்படி ஓங்கி ஒரு அறை விட அத்தன பேருல ஒருத்தனும் இல்லையே."